வெளிச்சம் வந்தாச்சு

குத்தாயிஸியில் அந்தக் குளிர்காலம்
ரொட்டிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை.
இருட்டை மட்டும் வீடு தேடி வந்து
இறக்கிவைத்துப் போனார்கள்,
மாலை ஐந்து மணிக்கே, கேட்காமலே.

எனக்கு அது வசதிதான்.
குளியலறை ஜன்னலில் கம்பளி அடிக்க வேண்டாம்,
கதவிடுக்கில் துணி திணிக்க வேண்டாம்.
ஊரே இருட்டறை. நான் அதில் மூன்றாம் மாடி.

நஸிப்ரோலாவின் கல்யாணம்:
ஒரு சுருள், முப்பத்தாறு படம்,
கூலி ஒரு ஜாடி அக்ரூட்.
வெள்ளைக் கவுனுக்கு மேல்
அண்ணனின் ராணுவக் கோட்டு போட்டிருந்தாள்.
பிளாஷ் இல்லை. மெழுகுவர்த்திகளை நம்பி
ஸெனித்தின் கண்ணை முழுக்கத் திறந்து,
மூச்சைப் பிடித்து,
நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு.
"யாரும் அசையாதீர்கள்" என்றேன்.
ஜார்ஜியர்களிடம். கல்யாணத்தில்.
கையில் ஒயின் இருக்கும்போது.

வியாழக்கிழமை இரவு அந்தச் சுருளோடு
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.
டப்பியை நான் உடைப்பதில்லை,
புதிது கிடைக்காது, மறுபடி நிரப்ப வேண்டும்.
நுனியை வெளியே விட்டுச் சுற்றியிருந்தேன்;
அதைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து
சுருள்சட்டத்தின் நடுவிலிருந்து ஏற்றினேன்.
விரல் மரத்துப்போனால்
வாயில் வைத்துச் சூடேற்றி, துடைத்து,
மறுபடி ஏற்றினேன்.
முக்கால்வாசி ஏறியிருக்கும்.

வந்தது.

பதினோரு நாளாக மேலே பார்த்தபடியே
நிமிர்ந்திருந்த சுவிட்ச். நான் மறந்த சுவிட்ச்.
அறுபது வாட்.

கட்டடம் முழுக்க ஒரே கூச்சல்,
"வெளிச்சம் வந்தாச்சு!"
வாஷா கரண்டியால் குழாயைத் தட்டினார்,
யாரோ ஒருத்தி அழுதாள்,
ஃபிரிட்ஜ்கள் உடம்பை உதறி எழுந்தன.
நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கழுவாத பிலிமின் நிறம்,
பால் கலந்த சாம்பலில் லேசாக ஊதா.
அழகாகத்தான் இருந்தது.
படம் எடுப்பவள் பார்க்கவே கூடாத நிறம்.

சுவிட்சை அணைத்தேன்.
அந்தத் தெருவில் அன்று
கறுத்திருந்த ஒரே ஜன்னல் என்னுடையது.
மீதியையும் ஏற்றினேன், எதற்கென்று தெரியாமல்.
டாங்கியை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு அணைத்து,
அதன் குளிர் என் தோலில் தீரும்வரை காத்திருந்து,
டெவலப்பர் ஒன்பது நிமிடம்.
நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்தேன்,
பிள்ளையைத் தட்டுவதுபோல அல்ல,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல.
ஃபிக்ஸருக்குப் பிறகு குழாயைத் திறந்தால்
தண்ணீர்! கரண்ட் வந்ததால் மோட்டார் ஓடியிருக்கிறது.
அந்த வருஷத்தில் நான் வயிறார அலசிய
ஒரே பிலிம் அதுதான்.

கொடியில் தொங்கவிட்டேன். தார் போலக் கறுப்பு.
பாதிரியார், மோதிரம், அவள் அப்பா
கொம்புக் கிண்ணம் ஏந்தி நின்றது,
எல்லாம் ஒரே கறுப்பு. பிரிண்ட் போட்டால்
காகிதம் காகிதமாகவே வரும்.
கடைசியில், டப்பிக்குள் பதுங்கியிருந்த முழத்தில்,
ஐந்து சட்டம் மட்டும்.
விருந்து முடிந்து, சுருளைத் தீர்க்கவென்று
சும்மா அழுத்தியவை:
ஒரு வாளி.
என் கட்டைவிரல்.
படிக்கட்டில் நஸிப்ரோலா, செருப்பைக் கழற்றியபடி.
படிக்கட்டில் நஸிப்ரோலா,
ஆறிப்போன சோள ரொட்டி வாய் நிறைய.
அவள் பாதத்தை மடியில் வைத்துத் தேய்க்கும்
அவ்தாந்தில், முகம் மட்டும் அசைந்து.

பாதி தின்ற ஜாடியோடு போனேன்.
"விருந்து எங்கே? அப்பா எங்கே?"
"வெளிச்சம் வந்தது" என்றேன்.
"எப்போது?"
"வியாழன், ஏழரை இருக்கும்."
யோசித்தாள்.
"அப்போது நான் தலை குளித்துக்கொண்டிருந்தேன்,
வெந்நீரில்" என்றாள்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.
ஜாடியை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து,
இன்னும் கொஞ்சம் கோபப்பட்டாள்.
பிறகு படங்களை ஜன்னலோரம் சாய்த்து
வெகுநேரம் பார்த்தாள்.
மூன்று அக்ரூட்டை எடுத்து
என் பக்கம் தள்ளினாள்.
வாளிக்கும் விரலுக்கும் தரவில்லை.