முதல் வாசகம்

பாஸ்கா இரவின் முதல் வாசகத்தை
ஃபாதர் என்னிடம் கொடுத்தார்.
"உனக்குத்தான் இருட்டு பழக்கமாச்சே, கொர்னேலியா"
என்று சிரிக்கவும் செய்தார்.

பதினோரு வருடமாகப் பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
ஆனால் அங்கே இருட்டு கிடையாது.
சன்னல் இல்லாத கூடம், மஞ்சள் விளக்கு,
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உறை,
கண் மட்டும் வெளியே.
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே
நகத்தில் பாதி அளவுச் சில்லுகள்.
நல்லது இந்தத் தட்டுக்கு.
கெட்டதன் தலையில் சிவப்பு மையால் ஒரு புள்ளி.
யாரும் அணைக்காத நண்பகல் அது,
சூரியனைச் செய்வதற்கு முந்தைய
மூன்று நாள் வெளிச்சம் மாதிரி.

இருட்டு எனக்குக் காலை எட்டு மணிக்கு வரும்.
சுங்கை நிபோங், பதினான்காவது மாடி.
தடித்த திரையை இழுத்து
ஓரங்களை டேப் போட்டு ஒட்டி
நானே உண்டாக்குவது.
திரவியத்துக்குப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் பகல் வேலை.
அவன் எழுந்துபோன குழியில் நான் படுப்பேன்,
நான் எழுந்துபோன குழியில் அவன்.
ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்
லிஃப்ட் வாசலில் பார்த்துக்கொள்வோம்:
கேஸ் தீர்ந்துவிட்டது,
உன் அம்மா போன் செய்தாள்,
ஹெல்மெட் எங்கே.

வரும் பெருநாள் இரவை நோர்லிசாவுக்காக நான் செய்வதாகச் சொல்லி
இந்த இரவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோவிலில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது.
வெளியே நெடுஞ்சாலையில் மோட்டார்கள்,
உள்ளே ஃபேன் சத்தம்.
காகிதக் கோப்பையில் செருகிய மெழுகுவத்தி என் கையில்.
ஆழத்தின்மேல் இருள் கிடந்ததை வாசித்தேன்.
தண்ணீர்மேல் அசைந்ததை வாசித்தேன்.
'ஒளி' என்று வாய் திறந்தேனோ இல்லையோ,
சுவிட்சுப் பலகையருகே நின்ற மக்சிமுஸ்,
மணி ஒலிக்கும்போது தட்டவேண்டியதை
அப்போதே தட்டிவிட்டான்.

முப்பத்தாறு குழல்விளக்கும் ஒரே அடியில்.
ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ சிரித்தார்கள்.
பீடத்துணியின் பழைய கறை தெரிந்தது.
பாதிக் கொட்டாவியில் மாட்டிக்கொண்ட பாடகர் குழு,
தூணில் பல்லி எச்சம்,
நான் ஜோடி மாற்றிப் போட்டு வந்த செருப்பு.
எல்லாம் தெரிந்தது.
அவனை மட்டும் காணோம்.

ஃபாதர் கையசைத்தார். படக்கென்று அணைந்தது.

வெளிச்சத்துக்குப் பிறகு வரும் இருட்டு
முந்தையதைவிடக் கெட்டி.
வரி தொலைந்துவிட்டது. நின்றேன்.
எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தபோது
கண்ணில் படாதது
அங்கே, வாய் மூடி நின்றபோது பட்டது:
ஒளியை நல்லது என்று கண்டவர்
இருளைத் தனியாகத்தான் எடுத்துவைத்தார்.
அதன்மேல் புள்ளி வைக்கவில்லை.
உட்கார்ந்து அதற்கும் ஒரு பெயர் யோசித்து
அந்தப் பெயரால் கூப்பிட்டார்.

அப்புறம், மாலை. அதற்கும் அப்புறம்தான் காலை.
என் பஞ்ச் கார்டில் இருக்கும் அதே வரிசை.
சம்பளப் பிரிவு லியோங்கிடம் இதைச் சொல்லவேண்டும்:
நாள் மாலையில்தான் தொடங்குகிறது, ஐயா,
நள்ளிரவில் என்னை இரண்டாக வெட்டாதீர்.

இருமல்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது.
மக்சிமுஸ் தன் மூதாதையர் அனைவரையும்
மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பான்.

பின்கதவு கிறீச்சிட்டது.
யாரென்று முகம் இல்லை.
வரியைத் தேட மெழுகுவத்தியைக்
கண்ணுக்கு நேரே உயர்த்தினேன்.
கடைசி வரிசையில்
துறைமுகச் சட்டையின் இரண்டு வெள்ளிப் பட்டைகள்
என் சின்னச் சுடரை வாங்கி
என்னிடமே திருப்பி அனுப்பின.
சற்றுத் தாழ்ந்தன.
உட்கார்ந்துவிட்டான் போல.

வரி கிடைத்தது.
மாலையானதை
அவசரப்படாமல் வாசித்தேன்.