சுமார்

பத்துக்கண்ணு என்று இறக்கிவிட்டார் நடத்துநர்.
என்னிடம் இருந்தவை இரண்டு,
அவற்றிலும் பாதித் தூக்கம்.

ஊசுடேரிக் கரையில் கலிவரதன் நின்றிருந்தார்.
வனத்துறையின் தற்காலிகக் காவலர்,
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
கையில் படிவம், நூல் கட்டிய பேனா.
"கணக்கு எழுதுறவங்கன்னு சொன்னாங்க.
அப்ப இது உங்களுக்குச் சுலபம்."

சுலபம்தான்.
நேரு வீதி ஜவுளிக்கடையின் பேரேட்டில்
நாற்பத்து மூன்று பைசா உதைத்தால்
விடிய விடிய உட்கார்ந்து பிடிப்பவள் நான்.

நடக்க நடக்க
லாரிச் சத்தம் முதலில் போனது.
பிறகு கோயில் ஒலிபெருக்கி.
பிறகு கைப்பேசியின் கோடுகள், ஒவ்வொன்றாய்.
கோரைக்குள் கணுக்கால் அமிழ்ந்தபோதுதான் தெரிந்தது,
பத்து கிலோமீட்டருக்குள்
இவ்வளவு தொலைவு இருக்கிறதென்று.

நாமக்கோழி: ஐந்தைந்தாய்க் கோடு கிழித்தேன்.
வெள்ளை நாமத்தோடு நீரில் நெருக்கியடிக்கும்
வைகுண்ட ஏகாதசிக் கூட்டம்.
நத்தைகுத்தி நாரை: பதினேழு.
மூடிய அலகிலும் நடுவே ஓர் இடைவெளி,
சொல்ல வந்து விட்டுவிட்ட வாய்போல.
கூழைக்கடா: இரண்டு.
அவை என்னை எண்ணிக்கொண்டிருந்தன.

"அதோ அந்தப் பட்ட மரம் வரைக்கும் புதுச்சேரி.
அதுக்கு அப்பால தமிழ்நாடு.
நம்ம பக்கத்த மட்டும் போடுங்க.
அந்தக் கரையில அவங்க ஆளு எண்ணுறாரு."

முக்குளிப்பான் ஒன்று புதுச்சேரியில் மூழ்கியது.
அதற்குப் பதில் நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
தமிழ்நாட்டில் எழுந்தது,
அலகில் ஒரு மீன்.
சாவடியில் பையைத் துழாவுகிறவர்கள்
ஒருவரும் அங்கில்லை.
இதை எதில் எழுத?
வரவா, செலவா, வழியில் இருக்கும் சரக்கா?
கலிவரதனிடம் கேட்டேன்.
"என்னோட அஞ்சு மாசச் சம்பளமும்
வழியிலதாம்மா இருக்கு."
சிரிக்கவில்லை.
தொலைநோக்கியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பதின்மூன்று.
அப்போது வந்தது சேற்றுப் பருந்து,
அவசரமே இல்லாமல், தாழ,
கோரை நுனிகளைத் தடவிக்கொண்டு.

ஏரி எழுந்தது.
வேறெப்படிச் சொல்ல?
தண்ணீர் அங்கேயே கிடக்க
ஏரி எழுந்தது.
அந்தச் சத்தம் முதலில் நெஞ்சில் இடித்து
அப்புறம்தான் காதுக்கு வந்தது.
இந்தப் பக்கத்தவை அந்தப் பக்கத்தவை
எல்லாம் கலந்து தலைக்குமேல் சுற்றின.
படிவத்தில் எச்சம் விழுந்தது,
'மொத்தம்' என்ற கட்டத்துக்குச் சற்றுத் தள்ளி.

பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
எவ்வளவு நேரம் என்பதையும் எண்ணவில்லை.

"என்ன போட?"
"பார்த்ததப் போடுங்க."

சுமார், என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
எந்தப் பேரேட்டிலும் எழுதாத சொல்.
பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டேன்,
அது இப்போது நினைவில்லை.

திங்கட்கிழமை, கடையில்
செருப்பிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்தது.
பெருக்க வந்த கொளஞ்சி குனிந்து பார்த்து,
"எந்த ஊரு மண்ணுக்கா இது?" என்றாள்.
தெரியல என்றேன்.
அவள் துடைப்பம் வருவதற்குள்
கொஞ்சத்தைக் காலால்
மேசைக்கடியில் தள்ளிக்கொண்டேன்.