உப்பிட்டவரை

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரிக்கரைச் சாலை முழுக்க உப்பிடுகிறது நகராட்சி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறது
ஒவ்வொரு வண்டியின் அடிவயிறும்,
துருவாக.

கார் கழுவும் சுரங்கத்தின் வாசலில் எனக்கு வேலை.
கியரை நியூட்ரலில் போடுங்கள்,
பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்,
ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள்.
மூன்றையும் கையாலேயே காட்டுவேன்.
மூன்றாவதில்தான் எல்லோரும் தோற்பார்கள்.

வெண்டல் ஸ்காருக்குச் சைகை போதவில்லை.
இறங்கி வந்தார்.
கறுப்பு பியூக்.
கறுப்பென்றால், இரவில் கரையிலிருந்து பார்க்கும் ஏரியின் கறுப்பு.
பதினொரு வருடமாக அவர் கை மட்டுமே பட்ட வண்டி.
இரண்டு வாளி, ஒரு ஆட்டுத்தோல்,
பனிக்கு முன் ஒருமுறை, பனி போனபின் ஒருமுறை
கார்னோபா மெழுகு.
தண்ணீர் அதன்மேல் விழுந்தால்
உருண்டு திரண்டு ஓடிவிடுமாம்,
வாடகை கேட்கும் வீட்டுக்காரரைக் கண்ட
குடித்தனக்காரர்போல.

டிசம்பரில் வாசற்படிப் பனியில் சறுக்கி
வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது.
மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடி
"மெதுவாகத் தேய்க்குமா?" என்று கேட்டார்,
அறுவை அறைக்கு வெளியே கேட்பதுபோல.

நுரை வந்தது, இளஞ்சிவப்பும் நீலமும்.
நனைந்த கம்பளங்களாகத் துணிப்பட்டைகள்
அறைந்து அறைந்து நகர்ந்தன.
மூன்று நிமிடம்.
மறுமுனையில் பளிச்சென்று வெளியே வந்தது.
இடக்கையால் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் இருட்டியபின் திரும்பி வந்தார்.
எதிரே பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிறுத்தி,
என் சட்டையிலிருந்த பெயரைப் படித்து,
"மார்லிஸ், இங்கே பாருங்கள்."

பார்த்தேன்.
பானெட்டில் விழுந்த விளக்கைச் சுற்றி
வட்டம் வட்டமாகக் கீறல்கள்,
ஒரு சிலந்தி வெளிச்சத்தையே நூலாக்கியதுபோல.
தலைமுடியைவிட மெல்லிய பூச்சில்
இவ்வளவு எழுத இடமிருக்கிறதா?
உருகிச் சொட்டிய பனித்துளி
உருளவில்லை.
சப்பென்று படுத்துக்கொண்டது.

முதலாளி மனப்பாடம் செய்யவைத்த பதில் ஒன்று உண்டு:
வாசலில் பலகை இருக்கிறது, பொறுப்பு எங்களுடையதல்ல.
ஏனோ அது வாயில் வரவில்லை.

மெழுகைத் தின்றது எங்கள் சோப்புதான், என்றேன்.
ஆனால் கீறியது பட்டையில்லை.
உங்களுக்கு முன்னால் போனது
இரும்புத்தாது எடுக்குமிடத்திலிருந்து வந்த பிக்கப்.
அதன் மண் துணிமடிப்பில் தங்கிவிட்டது.
நீங்கள் முகம் பார்க்காத ஒருவரின் சேறு
உங்கள் வண்டியில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

கத்துவார் என்று நினைத்தேன்.
மூக்கு நுனியில் ஒரு துளி உறையப் பார்க்க
ரொம்ப நேரம் நின்றார்.
"அப்படியென்றால், எனக்குப் பின்னால் வந்தவருக்கு?"

ஆறு குளிர்காலமாக இங்கே நிற்கிறேன்.
இதை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.
பின்னால் வந்தது ஒரு சாம்பல் நிற வேன்.
பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
அதன் கதவில் இந்நேரம்
பியூக்கின் உப்புக்கல் ஒன்று
சின்னதாக வட்டம் போட்டிருக்கும்.

அவர் வராமல் இருந்துவிடவில்லை.
உப்பைத் தின்றது தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்,
வண்டியானாலும்.
கழுவினால் மேலே கீறல், கழுவாவிட்டால் கீழே துரு.
கீறலோடு வாழ்ந்துகொள்ளலாம் என்று
முடிவெடுத்துவிட்டார்போல.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் வருகிறார்.
சுரங்கத்துக்குள் நுழையுமுன்
சுவரில் தொங்கும் குழாயை இடக்கையில் எடுத்து
சக்கரம், கதவடி, பம்பரின் இடுக்கு என்று
மண் போகும்வரை பீய்ச்சுகிறார்.
தெறித்த தண்ணீர் கோட்டின் விளிம்பில்
கண்ணாடியாகிறது.

போதும் என்று கைகாட்டினால்
இன்னும் கொஞ்சம் என்று தலையசைக்கிறார்.

அவருக்குப் பின்னால் காத்திருக்கும் வெள்ளைக் காரில்
யாரோ பொறுமையிழந்து
ஹாரன் அடிக்கிறார்கள்.