மூன்று ஐம்பத்தேழு

ஜனவரியில் ஷார்ஜாவின் மேல் பனி இறங்கினால்
ஓடுபாதை காணாமல் போய்விடும்.
கதவு மூடிய விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும்.
உள்ளே பெல்ட் போட்டபடி நூற்று அறுபது பேர்.
ஊழியர்களின் பணிநேரம்,
சமைத்துக்கொண்டிருக்கும்போதே தீரும் கேஸ் மாதிரி,
சொல்லாமல் தீரும்.

அப்புறம்தான் என் வேலை.

சன்னல் இல்லாத அறை. மூன்று திரைகள்.
இன்றிரவு ஸ்டாண்ட்பையில் இருப்பவர்கள்
பச்சைக் கோடுகளாகப் படுத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கட்டில் உண்டு,
அல் நஹ்தாவில், முவைலாவில், அபு ஷகாராவில்.
கோட்டின் ஒரு முனை இரவு எட்டு, மறுமுனை விடிகாலை நான்கு.
அதுவரை
குளிக்கும்போதும் போன் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்.
கூப்பிட்டால் தொண்ணூறு நிமிடத்தில்
உதட்டுச் சாயத்தோடு வந்து நிற்கவேண்டும்.

எத்தனை பேரை இப்படிக் காக்கவைப்பது என்பதற்கு
மேலதிகாரியிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது.
கூடினால் வீண்செலவு.
குறைந்தால் யாரோ ஒருத்தி
தன் குழந்தையை விமான நிலையத் தரையில்
பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கவைப்பாள்.
சூத்திரத்தில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும்:
முதல் மணியிலேயே எடுக்கிறவரைத்தான்
மறுபடி மறுபடி கூப்பிடுகிறோம்.

வஞ்சிகு அப்படித்தான். நைரோபிக்காரி.
"கொண்டையோடுதான் தூங்குகிறேன், ரூபி.
எந்த ஊர், அதைச் சொல்."
ஒருமுறை ஒன்பது நிமிடம் பிந்தியதற்கு வந்த கடிதத்தை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாளாம்.
மர்ஜோரி எடுத்தாள்.
தமாரா மூன்றாவது தடவையில், கெட்ட வார்த்தையோடு.
இன்னும் ஒருவர் வேண்டும்.

அடுத்த கோடு நிலோஃபர். காயல்பட்டினம்.
போன வாரம் கேன்டீனில்
தேநீர்க் குவளையைப் பிடித்த அவள் கை நடுங்கியது.
"ஆறு நாளா ராத்திரி ஸ்டாண்ட்பை, அக்கா. முடியல."
கோடு நான்கு மணிக்கு முடிகிறது.
திரையின் மூலையில் மூன்று ஐம்பத்தேழு.

எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனேன்.
ஒரு குவளை. இன்னொரு குவளை.
யாருக்கு என்று கேட்க அறையில் ஆள் இல்லை.
திரும்பி வந்து ஹெட்ஃபோன் வயரின் முடிச்சை அவிழ்த்தேன்.
அதில் முடிச்சே இல்லை.

நான்கு ஒன்று.
புதிதாகத் தொடங்கிய கோடு: திராகன்.
"நல்லவேளை கூப்பிட்டாய்" என்றான்.
"இந்த மாதம் நாற்பத்தொரு மணி நேரம்தான் பறந்திருக்கிறேன்."

ஆறே காலுக்குப் பனி விலகியது.
சிட்டகாங் விமானம் கிளம்பிப் போனது.
ஒருத்தியைத் தூங்கவிட்ட பெருமையில்
இரண்டாவது குவளைத் தண்ணீரையும் நானே குடித்தேன்.

ஆறு ஐம்பதுக்கு நிலோஃபரின் செய்தி:
"பனின்னு தெரிஞ்சதுமே ஷூ மாட்டி உக்காந்திருந்தேன்க்கா.
பறந்தாத்தானே மணிக்கணக்குல காசு.
பல் டாக்டருக்கு ரெண்டு தவணை பாக்கி.
ஆறு ராத்திரியும் யாரும் கூப்பிடல.
அதைத்தானே அன்னைக்குச் சொன்னேன்?"

அவள் பறந்த மணி நேரம்
அதே திரையில், அவள் பெயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.
பத்தொன்பது.
நடுக்கத்தைப் பார்த்தவள்
எண்ணைப் பார்க்கவில்லை.
என்ன பதில் எழுதுவது என்று பேருந்தில் யோசித்தேன்.
ரோல்லா வந்துவிட்டது.

திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்து
கண் அசந்த நேரம் போன் அடித்தது.
முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.
"மேடம், தண்ணீர் கேன். லிஃப்ட் ஓடவில்லை.
அப்புறம் கொண்டுவரட்டுமா?"
எத்தனை மணிக்கு என்றேன்.
"சொல்ல முடியாது மேடம்.
போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்."