நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

வெல்லம்பிட்டியில் தண்ணீர் ஏறிய வருடம்
டபுள் கெப்பை நான்கு அங்குலம் தூக்கினோம்.
முப்பத்து மூன்று அங்குல டயர்.
கோமகன் அதன்மேல் ஒரு காலை வைத்துப்
படம் எடுத்துக்கொண்டான்.
ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு
அந்த உயரம் தேவைதான் என்று
நானும் காசோலையில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு களனிப் பாலம்.
பின்னால் இரண்டு ஜெனரேட்டர், ஒரு கேபிள் சுருள்.
நான்காவது கியரில் ஏறிய வண்டி
பாதியில் மூன்றைக் கேட்டது,
மூன்றைக் கொடுத்தால் முனகியது.
மிதிபலகையில் தொங்கிய பஸ் கண்டக்டர் ஒருவன்
தள்ளவா என்று
கையால் கேட்டுவிட்டுப் போனான்.

லலந்த பாஸ் பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கில் ஏற்றி
ஷாஃப்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.
சக்கரங்களைச் சேர்த்து
ஒரே ஒரு சுற்று உருட்டினோம்.
கோடு நாலு தரம் மேலே வந்தது.
ஐந்தாவது வருகைக்குக் கிளம்பி
சற்றே நகர்ந்து நின்றது.
நாலு தசம் ஒன்று.
இந்தச் சற்றேக்குத்தான்
இனி லட்சங்கள்.

கோமகனுக்கு நாலு தசம் எட்டு எட்டு வேண்டும்.
வெள்ளத்தில் கயிறு கட்டி பஸ்ஸையே இழுக்கலாமாம்.
எனக்குப் பழையதே போதும்;
டீசல் பில் என் மேசைக்குத்தான் வருகிறது,
நீள ஓட்டத்தில் எஞ்சின் அலறக் கூடாது.

பஞ்சிகாவத்தையில் ரில்வான் நானா
பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கேட்டார்:
"வருஷத்துல எத்தன நாள் தண்ணிக்குள்ள ஓடுது?"
கோமகன் கூரை மின்விசிறியைப் பார்த்தான்.
மூன்று நாள். போன வருடம் அதுவும் இல்லை.
"எம்பதுக்கு மேல எத்தன நாள் போறீங்க?"
நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.
மிச்ச நாளெல்லாம்
தெமட்டகொட சிக்னலில், ஒருகொடவத்தைச் சந்தியில்,
ஒரு கால் கிளட்சில்.

பழைய டயர் இருபத்தொன்பது.
நாலு தசம் ஒன்றை முப்பத்து மூன்றால் பெருக்கி
இருபத்தொன்பதால் வகுத்தேன்:
நாலு தசம் ஆறு ஏழு.
அப்படியொரு கியர் எந்தக் கடையிலும் இல்லை.
இந்தப் பக்கம் ஐந்து ஆறு. அந்தப் பக்கம் எட்டு எட்டு.
கிட்ட இருந்ததை எடுத்தோம்.

ஒன்பது பல் பினியன், நாற்பத்தொரு பல் கிரவுன் வீல்.
இரண்டுக்கும் பொதுவாய் வகுக்கும் எண் எதுவுமில்லை.
ஒரு பல் ஒரு பல்லைத் தொட்டுவிட்டால்
மறுபடி அதையே தொட
பினியன் நாற்பத்தொரு சுற்றுச் சுற்ற வேண்டும்.
அதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை கடித்திருக்கும்.
யாரோ ஒருவரோடு மட்டும் தேய்வதில்லை.
இதை நானா சொன்னபோது
வாங்குகிறோம் என்பதையே மறந்து நின்றேன்.

பின்னுக்குத்தான் கிடைத்தது. முன்னுக்கு இல்லை.
பின்னை மட்டும் மாத்திடுங்க, என்றான் கோமகன்.
"நாலு வீலையும் போட்டா
முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு.
ரெண்டும் இழுபறிப்பட்டு நடுவுல ஒடையும்."
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பதினேழு நாள் வண்டி சும்மா நின்றது.
மாளிகாவத்தையிலிருந்து ஜோடி வந்தது.

பாரமில்லாமல் ஓட்டு, இருபது நிமிடம்,
பிறகு ஆறவிடு, பிறகு ஓட்டு,
ஐந்நூறு கிலோமீட்டருக்கு இதுதான் மருந்து என்றார் லலந்த பாஸ்.
ஞாயிறு விடிய காலிமுகத் திடல் ஓரமாய்
கண்ணாடியை இறக்கி டிஃபுக்குக் காது கொடுத்தேன்.
சத்தமில்லை.
பழைய சாக்கு நனைந்து காய்ந்ததுபோல்
கியர் எண்ணெய் வாசனை மட்டும்.

பெரிய டயர் போட்ட நாள் முதல்
முள் அறுபதென்றால் வண்டி அறுபத்தெட்டில் போனது.
இப்போது முள் அறுபதென்றால்
அறுபத்தொன்றரை.

ஏறிய களனிப் பாலத்தில் நான்கிலேயே ஏறினேன்.
கோமகன் மீட்டர் கடையில் அந்த ஒன்றரையையும்
சரிபார்ப்போமா என்றான்.
கணக்குப் புத்தகத்தில் அந்த வரியை
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.