பெயரடை

மசோதாவில் முதலில் ஒரு சொல்தான் இருந்தது.
மூன்றாம் வாசிப்பில் அதற்கு முன்னால்
இன்னொன்றைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்:
வலுக்கட்டாயமான.
ஆட்சேபிக்க எழுந்த ஒரே உறுப்பினரிடம்
சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார் அவைத்தலைவர்.

பெயரடை பெயரை விளக்கும் என்பது பள்ளிப் பாடம்.
விளக்கும், சரி.
நீலச் சட்டை என்று சொன்ன உடனே
மற்றச் சட்டைகளெல்லாம்
கொடியிலிருந்து காணாமல் போவதை
யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை.

அந்த மதியம் ரோசெல் ட்வீட்டன்
சர்க்கரை ஆலையின் கழுவு வாய்க்காலில்
பீட் கிழங்குகளுக்கிடையே கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
சமவெளியில் அந்த வருடம் பனி சீக்கிரம் விழுந்தது.

நவம்பரில்
ஆலைக் குடியிருப்பில் அவள் வீட்டு ஹீட்டர் நின்றுபோனது.
மேற்பார்வையாளன் பழுது பார்க்க வந்தான்.
பார்த்தான்.
பிறகும் போகவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் மகள், நான்கு வயது,
தட்டு உரசினாலே எழுந்து
கதவோரம் வந்து நிற்கிறவள்.
வேண்டாம் என்று ரோசெல் இரண்டு முறை சொன்னாள்,
இரண்டும் மெதுவாக.
மூன்றாவதை விழுங்கினாள்.
ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.
நாற்பத்தொன்று வரை நினைவிருக்கிறது.

ஜனவரியில், தொலைபேசியில்,
மாநிலக் காப்பீட்டு அலுவலகத்து மார்லிஸ்:
காயம் உண்டா?
இல்லை.
ஆயுதம்?
ஒரு ஸ்பேனர் இருந்தது.
காட்டி மிரட்டினானா?
மேசைமேல் இருந்தது.
மார்லிஸ் 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள்.
கத்தினீர்களா?
குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பதினொரு வருடமாக இதே நாற்காலியில் இருக்கிறாள் மார்லிஸ்.
பேனாவை 'ஆம்' என்ற கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு
அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.
சற்று நேரம் கழித்து
நன்றாக யோசித்து, என்றாள் மறுபடியும்.
ரோசெல் யோசித்தாள்.
யோசித்து உண்மையைச் சொன்னாள்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.
தங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்.
தங்களுக்கு நேர்ந்தது
நிதிக்குரிய வகையைச் சேர்ந்ததல்ல.
அடியில், பொடி எழுத்தில்:
பிரசவச் செலவு முழுவதையும் ஏற்போம்.

அடை என்றால் சொல்லின் முன் ஒட்டுவது.
அடை என்றால் சாத்து.
அடை என்றால் கடனைத் தீர்.
வேண்டாமென்றாலும் உட்கார்ந்து
இருபத்தொரு நாள் சூடு கொடுக்கும் கோழிக்கும் அதே சொல்.
அகராதி இத்தனைக்கும் இடம் விட்டிருக்கிறது.

கிளினிக்கில் அறுநூற்று இருபது டாலர்,
அடுத்த வாரமானால் எழுநூறு.
சம்பளச் சீட்டில் எண்பது குறைந்திருந்தது.
காரணம்: ஹீட்டர் பழுது, கூலி.
அவள் அந்த வரியை நின்றுகொண்டே படித்தாள்,
பிறகு உட்கார்ந்து படித்தாள்.

காரின் பனிக்கால டயர்கள் நான்கையும்
எதிர்வீட்டு கார்ல் ஹென்ஸ்ரூட் வாங்கிக்கொண்டார்,
எதற்கு என்று கேட்கவில்லை,
கேட்காததற்காக இருபது டாலர் அதிகம் கொடுத்தார் போல.
மகளையும் அவர் மனைவியிடமே விட்டாள்.

பக்கத்து மாநிலம், இருநூற்றெண்பது மைல்.
தேய்ந்த கோடை டயர்களில்
முப்பதைத் தாண்டாமல் ஓட்டினாள்.
கிழங்கு லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.
பாலத்தில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிமேல்,
கார் முழுதாக ஒரு சுற்று சுற்றியது.

அப்போது கத்தினாள்.
தொண்டை கிழிய,
படிவம் கேட்ட அளவுக்கு,
அதற்கும் மேலே.

கார் தடுப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது,
வந்த திசையைப் பார்த்துக்கொண்டு.
வைப்பர் போய் வந்தது.
யாருமில்லை.

ரிவர்ஸ் போட்டுத் திருப்பினாள்.
இன்னும் நூற்று அறுபது மைல் இருந்தது.