கமீஸ் இன்னும் பிறக்கவில்லை

சோதனைக்காக இயந்திரத்தின் கடிகாரத்தை
முன்னே தள்ளி வைத்தோம்.
ரூவி முழுக்க அக்டோபர் வெயில்.
ஓய்வூதியத் துறையின் மூன்றாம் மாடியில் மட்டும்
ஜனவரி.

இரவெல்லாம் அச்சுப்பொறி கத்தியது.
காலையில் தரையில் மடிந்து கிடந்த காகிதத்தில்
ஒரு வரிமேல் விரல் வைத்தாள் ஸுவைனா:
கமீஸ் பின் சுலையம், மத்ரா துறைமுகக் காவல்.
வயது, கழித்தல் இருபத்தேழு.
தகுதி இல்லை.

பூஜ்யத்திலிருந்து இருபத்தேழைக் கழித்திருக்கிறது.
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"எங்கள் தெருக்காரர் இவர்" என்றாள்.
தொலைபேசியில் அரபியில் என்னவோ சொல்லி
வெகுநேரம் சிரித்தாள்.
இன்னும் பிறக்காதவர்,
கொடுப்பதைச் சீக்கிரம் கொடுங்கள்
பல் கட்ட வேண்டும் என்றாராம்.

ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதுமென்று
எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.
அவனைத் திட்ட வாய் வரவில்லை.
எங்கள் பஞ்சாங்கத்தில் இது பிரமாதி வருடம்.
அறுபது வருடத்துக்கு முன்பும் பிரமாதிதான்;
எது எந்தப் பிரமாதி என்பதை
ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.
ஸுவைனாவின் நாட்காட்டியிலோ ஆயிரத்து நானூற்று இருபது.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.

இரண்டை நான்காக்கினேன்.
கூடுதலாக இரண்டு இடம் வேண்டும்.
ஒன்று வெற்றிடத்தில் கிடைத்தது.
மற்றொன்றுக்குப் பக்கத்தில் இருந்ததை நெருக்கினேன்.
பக்கத்தில் இருந்தது தொகை.

இங்கே ரியாலுக்கு ஆயிரம் பைசா,
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.
மாதாமாதம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பழகிய விரல்
இரண்டோடு நின்றுவிட்டது.
மேலதிகாரி பார்த்தார், கோமதிநாயகம் பார்த்தான்,
நானும் மூன்று முறை பார்த்தேன்.
நவம்பர், டிசம்பர், இரண்டு பட்டுவாடா போயிற்று.

நோன்பு நாளில், பகல் பன்னிரண்டுக்கு,
புதுப் பல்லோடு ஒருவர் படியேறி வந்தார்.
கையில் இரண்டு ரசீது.
அறுபத்து நான்கு ரியால் முந்நூற்றுப் பதினெட்டு
என்றைக்கிருந்து முந்நூற்றுப் பத்தாயிற்று?
உப்புக்குப் பெறாத எட்டுப் பைசா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"என்னைப் பிறக்க வைத்ததற்குக் கூலியா?" என்றார்.
ஸுவைனா மொழிபெயர்த்தாள், சிரிக்காமல்.

பதினோராயிரம் பேர் அந்தப் பட்டியலில்.
மற்ற யாரும் வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி இரவு
பிளாஸ்கில் தேநீரோடு காவல் இருந்தோம்.
பன்னிரண்டு வந்தது. போயிற்று.
விளக்கு அணையவில்லை. யாரோ கைதட்டினார்கள்.
கோமதிநாயகம் தூங்கிவிட்டிருந்தான்.

ஜனவரிப் பட்டியலில் தேடி எடுத்தேன்:
வயது எழுபத்து மூன்று.
தொகை, பாக்கி பதினாறு பைசா சேர்த்து,
64.334.
கடைசி நான்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.
மை இன்னும் காயவில்லை.